பதவி உயர்வில் அரசியல் சிபாரிசு: சிற்றூர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகவோ, நகராட்சியில் வரித்தண்டலராகவோ, காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகவோ சேர்ந்தவர் முதல் மாதத்திலேயே கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. 'ஆள் இருந்தால்தான் தம்பி மேலே போக முடியும்' என்று அலுவலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதில் பாதி உண்மை. பணிமூப்பில் முப்பதாவதாக நிற்பவரை முதலாவதாகத் தூக்கி வைத்து வெளிப்படையாக ஆணை போடுவது இன்று எளிதல்ல. நீதிமன்றத்தில் அந்த ஆணை நிற்காது என்பது ஆணை போடுபவருக்கும் தெரியும். ஆகவே சிபாரிசு வேலை செய்வது பதவி உயர்வு ஆணை வெளியாகும் நாளில் அல்ல. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பணிப்பதிவேட்டில் விடுபட்ட ஒரு வரியாகவும், முடிக்கப்படாத தகுதிகாண் பருவமாகவும் (பணியில் உறுதிசெய்யும் முன் ஊழியரைச் சோதித்துப் பார்க்கும் காலம்), சரியான வாரம் பார்த்து வழங்கப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையாகவும் (குற்றச்சாட்டுகளைச் சொல்லி விளக்கம் கேட்கும் ஆணை) அது தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நான் பணியமைப்புப் பிரிவில் இருந்த காலத்தில் பார்த்த பெரும்பாலான வழக்குகள் இப்படிப்பட்டவையே. பாதிக்கப்பட்டவர் தன் கோப்பைத் தானே ஒருமுறையாவது பார்த்திருந்தால் அவற்றில் பலவற்றைத் தடுத்திருக்கலாம்.

யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் வரை, சுமார் ஐந்தரை ஆண்டுகள் இந்தப் பேரூராட்சி, நகராட்சி அலுவலகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்களின் கீழ் இருந்தன. தேர்தலுக்குப் பின் மன்றங்கள் வந்தன; அவற்றோடு தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் ஆகியோரின் குரலும் அலுவலக அறைக்குள் வந்தது. ஆனால் ஒரு பேரூராட்சித் தலைவர் நினைத்தால் இளநிலை உதவியாளரை உதவியாளராக்கிவிட முடியாது. அந்த அதிகாரம் பேரூராட்சிகளின் இயக்ககத்திடமும் அதன் கீழ் உள்ள அலுவலர்களிடமும் இருக்கிறது; நகராட்சிகளுக்கு நகராட்சி நிர்வாக இயக்ககம் இருக்கிறது. நகர்மன்றங்களில் நியமனக் குழு என்ற ஒன்றும் உண்டு. உங்கள் பதவி அதன் வரம்புக்குள் வருகிறதா, வெளியே நிற்கிறதா என்பதை உங்களுக்குப் பொருந்தும் பணி விதிகளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்களை நியமிக்கும் அலுவலர் யார், தண்டிக்கும் அலுவலர் யார், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்ற மூன்று பதவிப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது வீண் வேலை அல்ல.

தலைவருக்குப் பதவி உயர்வு தரும் அதிகாரம் இல்லையென்றால் அவருடைய செல்வாக்கு எந்த வழியாக வருகிறது? பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று கூடுதல் பொறுப்பு: காலியாக இருக்கும் மேல்நிலைப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டு, வேண்டியவரிடம் பொறுப்பாக ஒப்படைப்பது. இதனால் பணிமூப்பு எதுவும் வராது, ஆனால் கோப்புகளும் ஊரில் செல்வாக்கும் அவரிடம் சேர்ந்துவிடும். மற்றொன்று புகார் மனு: வேண்டாதவர்மீது யாரையாவது கொண்டு ஒரு மனு போடச் செய்து, அதன்மீது விசாரணை தொடங்க வைப்பது. பின்னதுதான் ஆபத்தானது என்பதால் அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

முதல் மூன்று ஆண்டுகளில் முடிக்க வேண்டிய வேலைகள்

பணியில் சேர்ந்ததும் உங்கள் பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி, கல்வித் தகுதி, நியமன ஆணை எண், தேர்வாணையத் தரவரிசை, பணியில் சேர்ந்த நாளும் முற்பகலா பிற்பகலா என்பதும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்துக் கையொப்பமிடும் உரிமை உங்களுக்கு உண்டு. பலர் எழுத்தர் நீட்டும் இடத்தில் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

தகுதிகாண் பருவம் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுப் பணி என்ற கணக்கில் அமையும். அது தானாக முடிந்துவிடாது. முடிந்தது என்று ஓர் ஆணை வெளியாக வேண்டும். இந்த ஆணையைக் கேட்டு வாங்காமல் இருப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பெரிய தவறு. உங்களுக்குப் பின் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம் முடித்த ஆணை வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை என்றால், மேல்நிலைப் பதவிக்கான பட்டியல் தயாராகும்போது நீங்கள் 'தகுதி பெறாதவர்' என்ற பத்தியில் இருப்பீர்கள். அவரைப் பதவி உயர்த்த யாரும் எந்த விதியையும் மீற வேண்டியிருக்காது. தகுதிகாண் காலம் முடிந்த மறுநாளே உரிய வழியாக ஒரு விண்ணப்பம் அளித்து, அதன் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.

துறைத் தேர்வுகளைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்துக்கும் டிசம்பர் மாதத்துக்கும் என நடத்துகிறது. உங்கள் அடுத்த பதவிக்கு எந்தெந்தத் தேர்வுகள் தேவை என்று பார்த்து அவற்றை முன்கூட்டியே எழுதி முடித்து, தேர்ச்சி வெளியான அறிவிக்கையின் விவரத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். அமைச்சுப் பணியாளர்களுக்கு (அலுவலக எழுத்துப் பணியில் இருப்பவர்களுக்கு) பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தின் பயிற்சி தேவைப்படும் இடங்களில், பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலிலேயே பெயர் தள்ளிப் போவதுண்டு. அதையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இது பலருக்கும் தெரியாமல் கையைச் சுடும் விஷயம். சொந்த ஊருக்கு வர வேண்டும் என்ற ஆசையில் சொந்த விருப்பத்தின்பேரில் வேறு அலகுக்கோ (தனிப் பணிமூப்புப் பட்டியல் உள்ள பிரிவு) மாவட்டத்துக்கோ மாறுதல் பெற்றால், பொதுவாகப் புதிய அலகில் கடைசி ஆளாகவே வைக்கப்படுவீர்கள். ஆளும் கட்சிக்காரர் ஒருவர் உங்களுக்கு 'நல்லது செய்கிறேன்' என்று இந்த மாறுதலை வாங்கித் தருவார். நீங்களும் நன்றி சொல்வீர்கள். பத்தாண்டு கழித்துத்தான் அதன் விலை புரியும். பதவி உயர்வைத் தற்காலிகமாக வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதும் இதே வகை. 'இந்த ஒருமுறை எழுதிக் கொடுங்கள், அடுத்த பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது அன்பாகக் கேட்டால், உங்களுக்கு அடுத்து யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பணிமூப்புப் பட்டியல்

தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம், 2016 இப்போது பணிமூப்புக்கும் பதவி உயர்வுக்கும் அடிப்படை. அந்தச் சட்டத்தின் 40ஆவது பிரிவு இடஒதுக்கீட்டுச் சுழற்சி வரிசையை வைத்துப் பணிமூப்பை நிர்ணயித்தது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. தேர்வில் பெற்ற தகுதி வரிசையே பணிமூப்புக்கு அடிப்படை என்பதுதான் அதன் சாரம். இதனால் பல துறைகளில் பழைய பட்டியல்களைத் திருத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆகவே சேரும்போது உங்களுக்குச் சொல்லப்பட்ட இடம்தான் இன்றும் உங்கள் இடம் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

தற்காலிகப் பணிமூப்புப் பட்டியல் வெளியானால் ஆட்சேபணை தெரிவிக்க நாள் குறிப்பிட்டிருப்பார்கள். சிறு அலுவலகங்களில் அந்தப் பட்டியல் சுற்றுக்கு வருவதற்குள் அந்த நாள் முடிந்திருக்கும். இது தற்செயலாகவும் நடக்கும், தற்செயல் இல்லாமலும் நடக்கும். ஆண்டின் தொடக்கத்திலேயே மாவட்ட அல்லது மண்டல அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். உங்களுக்கு மேலே உள்ள இருவரின் பெயரையும் கீழே உள்ள இருவரின் பெயரையும் அவர்கள் பணியில் சேர்ந்த தேதியோடு குறித்துக்கொண்டால் போதும். முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மாற்றம் நடந்தால் அந்த ஐந்து பெயர்களுக்குள்ளேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால்

ஒவ்வொரு பதவிக்கும் பட்டியல் தயாரிக்க ஒரு குறித்த நாள் உண்டு. அந்த நாளில் யார் தகுதியோடு இருக்கிறார், யார்மீது நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது என்று பார்த்தே பெயர் சேர்க்கப்படும். அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கானது, 17(பி) பெருந்தண்டனைக்கானது. காவல்துறையின் சார்நிலைப் பணியாளர்களுக்கு 1955ஆம் ஆண்டின் தனி விதிகள் உள்ளன. அங்கே இவற்றுக்கு இணையானவை 3(ஏ), 3(பி). குறித்த நாளில் 17(பி) நிலுவையில் இருந்தால் பெயர் ஒத்திவைக்கப்படும். சிறு தண்டனை ஒன்று முடிந்து போயிருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்கு அது குறுக்கே நிற்கும். ஆகவே ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால் அவர் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. குறித்த நாளுக்கு முன் ஒரு குறிப்பாணை வழங்கி, அதை முடிக்காமல் வைத்திருந்தாலே போதும். அவருக்குப் பின்னால் நிற்பவர் மேலே போய்விடுவார். கடைசியில் 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை' என்று ஆணை வரும்போது நடந்தது நடந்துவிட்டிருக்கும்.

இதற்கு எதிராக உங்களிடம் இருக்கும் கருவிகள் சில. முதலாவது, குறிப்பாணை வழங்கப்பட்டால்தான் நடவடிக்கை தொடங்கியதாகக் கருத வேண்டும் என்று ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லியிருக்கிறது. 'உங்கள்மேல் ஒரு மனு இருக்கிறது, விசாரணை நடக்கிறது' என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உங்கள் பெயரைத் தள்ளினால், அதைக் கேள்வி கேட்கலாம். இரண்டாவது, பழைய விவகாரத்தைப் பதவி உயர்வு நேரத்தில் தோண்டி எடுத்தால், அந்தத் தாமதத்தையே எதிர்க்கலாம். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் பொறியாளர் ஒருவருக்கு 1990ஆம் ஆண்டு நிகழ்வுக்காகப் பத்தாண்டு கழித்துக் குறிப்பாணை வழங்கப்பட்டதை, விளக்கப்படாத காலதாமதம் என்ற காரணத்துக்காகவே 2005இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மூன்றாவது, ஒழுங்கு நடவடிக்கையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்று பிரேம்நாத் பாலி வழக்கில் 2015இல் அதே நீதிமன்றம் கூறியது. இவற்றை உங்கள் விளக்கத்தில் நயமாக எழுதலாம். ஆனால் குற்றச்சாட்டின் உள்ளடக்கத்துக்கு வரி வரியாகப் பதில் சொல்லாமல் தீர்ப்புகளை மட்டும் அடுக்கினால் அது உங்களுக்கே பாதகமாக முடியும். பதிலில் கோபம் வேண்டாம்; தலைவரின் தூண்டுதல் என்ற சொல்லும், ஆதாரம் கையில் இல்லாதவரை, வேண்டாம்.

குறிப்பாணையைப் பெறும்போது பெற்ற தேதியைக் கையெழுத்துக்குக் கீழே நீங்களே எழுதுங்கள். ஆணையில் உள்ள தேதிக்கும் உங்கள் கைக்கு வந்த தேதிக்கும் இடையில் குறித்த நாள் விழுந்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகளில் பார்த்திருக்கிறேன். விளக்கம் கொடுத்த பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 'விசாரணையை விரைந்து முடித்தருள வேண்டுகிறேன்' என்று ஒரு நினைவூட்டு அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் உங்களால் அல்ல என்பதற்கு இந்த நகல்களே பிற்காலச் சாட்சி.

காவல்துறையில் உள்ள வேறுபாடுகள்

காவலர்களுக்கு மேல்நிலை பெறுவது கீழ்மட்டத்தில் பெரும்பாலும் காலக் கணக்கில் அமைந்தது. இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு 10 ஆண்டுகள், தலைமைக் காவலராக மொத்தம் 15, சிறப்பு உதவி ஆய்வாளராக மொத்தம் 25 என்று நீண்ட காலம் இருந்தது. இந்த ஆண்டுக் கணக்கை அரசாணைகள் மாற்றக்கூடியவை என்பதால் உங்களுக்குப் பொருந்தும் ஆணையை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். காலம் வந்தால் உயர்வு வரும் என்று இருப்பதால், இங்கே செல்வாக்கின் விளையாட்டு இடமாற்றத்தில்தான் அதிகம். ஆயுதப்படையிலிருந்து தாலுகா காவல் நிலையத்துக்கு யார் முதலில் வருகிறார், எந்த நிலையத்துக்கு வருகிறார், யார் அயல்பணி (வேறு அலுவலகத்துக்குத் தற்காலிகமாக அனுப்பப்படும் பணி) என்ற பெயரில் வசதியான இடத்தில் ஆண்டுக் கணக்கில் இருக்கிறார், எந்த ஆய்வாளர் பணியிடம் தரப்படாமல் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்படுகிறார் என்பவையே சிற்றூர் அரசியல் தலையிடும் இடங்கள். நிலையத்தில் இருப்பவருக்கு வழக்குகள் கிடைக்கும், வழக்குகளால் வெகுமதிகள் கிடைக்கும், பணிப்பதிவு நன்றாகத் தெரியும். ஓரிடத்தில் மூலையில் உட்கார வைக்கப்பட்டவருக்கு அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கும். பின்னர் தகுதியை எடைபோடும் இடங்களில் இந்த வேறுபாடு பேசும்.

இதைக் கட்டுப்படுத்தத்தான் பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நிலைய அலுவலர் போன்ற களப் பொறுப்பாளர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணிக்காலம், துணைக் கண்காணிப்பாளர் வரையிலான இடமாற்றம், பதவி உயர்வு போன்றவற்றை முடிவு செய்யக் காவல்துறை மூத்த அலுவலர்களைக் கொண்ட வாரியம் ஆகியவை அவற்றில் உள்ளவை. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. ஆனால் அதன்படி அமைந்த புகார் ஆணையம் மாநில அளவில் உள்துறைச் செயலாளரின் தலைமையிலும் மாவட்ட அளவில் ஆட்சியரின் தலைமையிலும் இருப்பதால், நீதிமன்றம் எண்ணிய தனித்தியங்கும் அமைப்பு இது அல்ல என்ற விமர்சனம் தொடர்கிறது. என் கருத்தும் அதுவே.

காவலர்கள் தண்டனைப் பதிவை 'பி.ஆர்.' என்பார்கள். தாமதமாக அணிவகுப்புக்கு வந்ததற்காகவும் பி.ஆர். வரும், பெரிய குற்றத்துக்காகவும் வரும். பதவி உயர்வுக் கணக்கில் இரண்டும் நிற்கும். சிறியது என்று மேல்முறையீடு செய்யாமல் விட்ட ஊதிய உயர்வு நிறுத்தம், உயர்வு நேரத்தில் பெரியதாகிவிடும். காவலர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை 1966ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கட்டுப்படுத்துவதால், நகராட்சி ஊழியருக்கு இருப்பதுபோல் பேச ஒரு சங்கம் இல்லை. உங்கள் மனுதான் உங்கள் குரல்.

முறைமாறி வழங்கும் உயர்வுகள் எல்லாம் சிபாரிசு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்ட பின் சிறப்பு அதிரடிப் படையினர் 752 பேருக்கு ஒரு நிலை உயர்வு அறிவிக்கப்பட்டது. அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட அரசு முடிவு. ஆனால் அத்தகைய முடிவும் காட்டுக்குப் போகாமல் நிலையத்தில் வேலை பார்த்த சக அலுவலரின் வரிசையைத் தொடுகிறது. யாருக்காவது முறைமாறி உயர்வு கிடைத்தால் அதன் அடிப்படை ஆணையை முதலில் பாருங்கள், பிறகு குறை கூறலாம்.

சிபாரிசுக் கடிதமும் பணமும்

'எம்.எல்.ஏ.விடம் ஒரு கடிதம் வாங்கிவிடு' என்று உங்களுக்கு நல்லவர்களே யோசனை சொல்வார்கள். அரசு ஊழியர் தன் பணி தொடர்பாக அரசியல் செல்வாக்கையோ வெளியார் செல்வாக்கையோ மேலதிகாரிமீது செலுத்த முயல்வதை நடத்தை விதிகள் தடை செய்கின்றன. கடிதம் கோப்பில் சேர்ந்துவிட்டால், ஆட்சி மாறும்போது அந்தக் காகிதம் உங்களோடு கூடவே வரும். எந்தக் கட்சிக்காரர் கொடுத்தது என்று ஒருவர் மேல்குறிப்பு எழுதினால் போதும். நானறிந்த ஒருவர், தனக்கு வரவேண்டிய உயர்வுக்கே அவசரப்பட்டுக் கடிதம் வாங்கி, அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

பணம் கேட்டால் நிலைமை வேறு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி, கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே அவருக்குப் பாதுகாப்பு. கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகத்தை அணுகுவது இதைவிடப் பாதுகாப்பானது.

வாய்மொழி உத்தரவுகள் இன்னொரு கண்ணி. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பு, அரசு அலுவலர்கள் வாய்மொழி அறிவுறுத்தல்களின்மேல் செயல்படக் கூடாது, அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. தலைவர் தொலைபேசியில் சொன்னார் என்று ஒரு வரிவிதிப்பைக் குறைத்த வரித்தண்டலர், கணக்குத் தணிக்கையில் ஆட்சேபணை (தணிக்கைத் தடை) வரும்போது தனியாகவே நிற்பார். 'தாங்கள் இன்று தொலைபேசியில் தெரிவித்தபடி' என்று தொடங்கும் ஒரு சிறு குறிப்பைக் கோப்பில் மேலதிகாரிக்கு வைத்தால், அது உங்களுக்குக் கவசம்.

தவறு நடந்துவிட்டால்

உங்களுக்கு இளையவர் உயர்வு பெற்றது தெரிந்ததும், அந்த வாரமே முறையீட்டை உரிய வழியாக அனுப்புங்கள். பதவி உயர்வு பெறுவது உரிமை அல்ல. ஆனால் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவின்படி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1999இல் அஜித் சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆகவே 'எனக்கு உயர்வு தாருங்கள்' என்று எழுதுவதைவிட, 'இந்தத் தேதியில் இந்தத் தகுதிகளோடு இருந்த என் பெயர் எந்தக் காரணத்தால் பரிசீலிக்கப்படவில்லை' என்று எழுதுவது வலுவானது.

அதே வாரத்தில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். குறித்த நாளில் இருந்த பணிமூப்புப் பட்டியல், காலிப் பணியிட மதிப்பீடு, உங்கள் பெயர் தொடர்பான பட்டியல் குறிப்புகள் ஆகியவற்றைக் கேளுங்கள். பதில் 30 நாட்களில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு 30 நாட்களுக்குள், பின்னர் தகவல் ஆணையத்துக்கு 90 நாட்களுக்குள். இளையவரின் மந்தணக் குறிப்புகளையோ (மேலதிகாரி எழுதும் இரகசியப் பணி மதிப்பீடு) தண்டனை விவரத்தையோ கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். 2012ஆம் ஆண்டின் கிரிஷ் தேஷ்பாண்டே தீர்ப்பு அவர்களுக்குத் துணை நிற்கும். உங்களைப் பற்றிய மதிப்பீட்டைக் கேட்பது உங்கள் உரிமை. ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. உயர் நீதிமன்றத்தையே அணுக வேண்டும், தென் மாவட்டத்தவர் மதுரைக் கிளையை. அங்கே முதலில் கேட்கப்படுவது தேதிதான். பதவி உயர்வை எதிர்ப்பவர் ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஓராண்டுக்குள் வர வேண்டும் என்று, நம் மாநிலத்தைச் சேர்ந்த சதாசிவசாமி வழக்கிலேயே 1974இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையீட்டுக்குப் பதில் வரும் என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு கதவை மூடியிருக்கிறது. உங்களைத் தாண்டிப் போனவரையும் வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவர் நேற்றுவரை உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவராக இருக்கலாம். ஆனாலும் அவரைச் சேர்க்காமல் அவருடைய இடத்தைப் பாதிக்கும் ஆணையைக் கேட்க முடியாது.

ஆணை உங்களுக்குச் சாதகமாக வந்தால் பெரும்பாலும் அது, இளையவர் உயர்வு பெற்ற நாளிலிருந்து கருத்தியலான பதவி உயர்வு (அந்த நாளிலேயே உயர்வு பெற்றதாகக் கணக்கில் மட்டும் கொள்வது) என்ற வடிவில் வரும். இடைப்பட்ட காலத்து ஊதிய நிலுவை கிடைக்காமல் போகலாம். அந்தத் தேதி பணிமூப்புப் பட்டியலிலும் பணிப்பதிவேட்டிலும் ஏறி, ஊதிய நிர்ணயமும் அதன்படி நடந்திருக்கிறதா என்று அந்த மாதமே போய்ப் பாருங்கள். நீதிமன்ற ஆணை கையில் இருந்தும் பதிவேட்டில் பழைய தேதியோடு ஓய்வு பெற்றவரின் ஓய்வூதியக் கோப்பை நான் கையாண்டிருக்கிறேன்.